ஆழம் முப்பத்தோரு அடி

கோர்ட்டுக்கு வந்துபோகிற ஜனங்கள் அவளுக்கு வைத்த பெயர் அகராதி. எந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டாலும் யோசிக்காமல் சொல்லிவிடுவாள் என்பதற்காக வந்த பெயர் அது. வாய்த்துடுக்குக்காகவும் சேர்த்துத்தான் என்று மாடியிலிருந்த குமாஸ்தாக்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அவள் கண்டுகொள்வதில்லை.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மாடிப்படியை ஒட்டினாற்போல் இருந்த சட்ட உதவி அறைதான் அவளுடைய இடம். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரோரம் ஒரு நீள பெஞ்சு, மூடி தொலைந்துபோன பசை டப்பா. தங்கள் கைக்கு வந்த காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று புரியாதவர்கள் அங்கே வந்து உட்காருவார்கள். 'பிரதிவாதி' என்று தன் பெயருக்கு முன்னால் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, ஜெயிலுக்குப் போகப்போகிறோம் என்று வேட்டி நனைய அழுதுகொண்டு வந்த ஆளும் உண்டு. "உங்க மேல ஒருத்தர் வழக்கு போட்டிருக்கார், நீங்க பதில் சொல்லணும், அவ்வளவுதான். பதில் சொல்றவருக்குப் பேரு பிரதிவாதி. கண்ணைத் தொடைங்க" என்று அனுப்பிவைத்தாள். வில்லங்கம் என்றால் அடிதடி இல்லை, அந்தச் சொத்தின் மேல் வேறு யாருக்காவது பிடி இருக்கிறதா என்ற கேள்வி. மேற்படி என்றால் மாடிப்படி இல்லை, மேலே சொன்னது என்று பொருள். பதினோரு வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். சில காகிதங்களில் கடைசியில், 'மேற்கண்ட வாசகங்களைப் படித்துக் காட்டிப் பொருள் விளக்கினேன்' என்று கையெழுத்தும் போட்டுத் தருவாள். அப்படி ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கையெழுத்து போகும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தையல்காரி வந்தாள். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்து அப்படியே கிளம்பி வந்திருந்தாள். அகராதிக்கு அவளை நன்றாகத் தெரியும். நான்கு மாதத்துக்கு முன்னால் அவளுடைய மனுவை எழுத உதவியதே அகராதிதான். தையல்காரியின் கணவன் எலெக்ட்ரீஷியன். எட்டு வருடத்துக்கு முன் ஒரு மழைநாள் மாலையில் வீட்டை விட்டுப் போனவன், திரும்பவே இல்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தாள்; பலன் இல்லை. பஸ் நிலையத்தில் ஒரு பெண்ணோடு பார்த்தேன் என்று யாரோ சொன்னார்கள். அதற்குப் பிறகு அவளும் தேடுவதை விட்டுவிட்டாள். இப்போது மகள் பள்ளிப் படிப்பை முடிக்கப்போகிறாள். மேலே எங்கே விண்ணப்பம் போட்டாலும் அப்பாவின் கையெழுத்து கேட்டார்கள், இல்லாவிட்டால் இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். ஏழு வருடத்துக்கு மேல் ஓர் ஆளைப் பற்றித் தகவலே இல்லையென்றால், அவர் இறந்ததாகக் கருதலாம் என்று கோர்ட்டில் அறிவிக்கக் கேட்கலாம். அந்த மனுவைத்தான் போட்டிருந்தாள். 'ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம்' என்று பத்திரிகையில் அறிவிப்பும் வந்துவிட்டது.

"அக்கா, இது தபால்ல வந்துச்சு. என்னன்னு பாருங்க" என்று மடித்த ஒரு தாளை நீட்டினாள் தையல்காரி. "பொண்ணு படிச்சுட்டு அழுவுறா. நான் முதல் ரெண்டு வரிக்கு மேல படிக்கல."

அகராதி தாளைப் பிரித்தாள். கையால் எழுதப்பட்ட மனுவின் நகல். எழுத்து அடக்கமாக, ஒரே சீராக இருந்தது. தலைப்பைப் படித்ததுமே அவளுடைய விரல் நின்றுவிட்டது.

"எதிர்மனுதாரர் தாக்கல் செய்யும் ஆட்சேப மனு" என்று வாசித்தாள்.

"எதிர்மனுதாரர்னா?"

"நீ மனு போட்டதால நீ மனுதாரர். யாரப் பத்திப் போட்டியோ அவர் எதிர்மனுதாரர்."

"அப்ப அவரா?"

"அவர் பேருல யாரோ போட்டிருக்காங்க. பதறாத. முழுசும் படிக்கறேன்."

அவள் சத்தமாகவே படித்தாள். எப்போதும் செய்கிற வேலைதானே என்று குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள்.

'ஒன்று. எதிர்மனுதாரர் காணாமல் போய்விட்டார் என்று மனுவில் கண்டுள்ள வாசகம் உண்மைக்குப் புறம்பானது, அது மறுக்கப்படுகிறது. இரண்டு. சம்பவ தினத்தன்று மாலை இருவருக்கும் வாய்த்தகராறு ஏற்பட்டதும், எதிர்மனுதாரர் பின்வாசல் வழியாக வெளியேறியதும், மனுதாரர் கதவை உள்ளே தாழிட்டதும் உண்மை. அதன்பின் எதிர்மனுதாரர் மனுதாரரை மூன்று முறை பெயர் சொல்லி அழைத்ததும் உண்மை. மூன்று. வேறொரு பெண்ணுடன் சென்றுவிட்டதாகச் சொல்லப்படுவது உண்மையல்ல. நான்கு. எதிர்மனுதாரர் வீட்டை விட்டு எங்கும் செல்லவில்லை. இத்துடன் இணைத்துள்ள சொத்து விவரத்தில் கண்ட இடத்தில் இன்றுவரை இடைவிடாமல் சுவாதீனத்தில் இருந்து வருகிறார்.'

சொத்து விவரம் இணைப்பு என்று அடியில் எழுதியிருந்தது. ஆனால் தபாலில் அந்தத் தாளை வைக்கவில்லை.

தையல்காரி கழுத்து நாடாவின் நுனியைச் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்தாள்.

"எழுத்து அவரோடதுதான் அக்கா. 'ழ'வுக்கு வால இழுத்து விடுவாரு, அதேமாதிரி இருக்கு."

"யாராவது பாத்து எழுதியிருக்கலாம்."

"கதவத் தாழ்ப்பாள் போட்டத நான் யாருக்கும் சொன்னதில்ல. போலீஸ்லகூடச் சொல்லல. பொண்ணு அன்னிக்கு எங்கம்மா வீட்டுல இருந்தா. அது அந்த வீட்டுச் சுவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

அவளைத் தண்ணீர் குடிக்க வைத்து, அடுத்த வாரம் விசாரணைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, அகராதி மாடி ஏறினாள். பதிவறைக் குமாஸ்தா, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வழக்குக் கட்டுகளுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா அகராதி. உனக்கே அர்த்தம் தெரியாத வார்த்தை ஏதாவது வந்துடுச்சா?"

"அந்தத் தையல்காரம்மா மனுவுல ஒரு ஆட்சேபம் வந்திருக்காமே. மூலத்தைப் பாக்கணும். யார் கொண்டுவந்து குடுத்தாங்க?"

அவர் கட்டை எடுத்துப் போட்டார். வரவுப் பதிவேட்டையும் புரட்டினார். அவருடைய கையெழுத்திலேயே வரிசை எண், தேதி, நேரம் எல்லாம் இருந்தது. மாலை நான்கு பத்து. அவர் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் எழுத்துதான். ஆனா ஆள் ஞாபகம் வரலியே. சாயங்காலக் கூட்டத்துல யாருன்னு பாக்கறது?" மனுவைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இதென்னம்மா, ஒட்டியிருக்கற கோர்ட் கட்டண வில்லையைப் பாரு. இந்தப் பச்சை வில்லைய நிறுத்தி ஏழு வருஷம் ஆச்சு. நான் எப்படி வாங்கினேன்? கைரேகை வேற வழுவழுன்னு இருக்கு. ஒரு கோடுகூட இல்ல."

அகராதி இரண்டாவது தாளைத் திருப்பினாள். சொத்து விவரம். நான்கு எல்லைகளும் முறைப்படி எழுதப்பட்டிருந்தன. 'மனுதாரர் குடியிருக்கும் வீட்டின் பின்கட்டில், சமையலறைச் சுவருக்குத் தெற்கு, மதில் சுவருக்கு வடக்கு, துணி துவைக்கும் கல்லுக்கு மேற்கு, மனுதாரரின் மகள் சென்ற மாதம் நட்ட செம்பருத்திச் செடிக்குக் கிழக்கு. இதன் மத்தியில் உள்ள இடம். நீளம் நான்கு அடி. அகலம் நான்கு அடி. ஆழம் முப்பத்தோரு அடி.'

பதினோரு வருடத்தில் அவள் ஆயிரக்கணக்கான சொத்து விவரம் படித்திருக்கிறாள். நிலத்துக்கு நீளம் எழுதுவார்கள், அகலம் எழுதுவார்கள். ஆழம் எழுதி அவள் பார்த்ததே கிடையாது.

"கீழ பாத்தியா?" என்றார் குமாஸ்தா. குரல் மாறியிருந்தது.

தாளின் அடியில் நீல மையில் ஒரு வரி. மேற்கண்ட வாசகங்களை எதிர்மனுதாரருக்குப் படித்துக் காட்டிப் பொருள் விளக்கினேன். அதற்குக் கீழே அகராதியின் கையெழுத்து. அறையின் ரப்பர் முத்திரை. அதே தேதி.

அவள் படியில் இறங்கி வந்தது அவளுக்கே நினைவில்லை. அறைக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். கையெழுத்து அவளுடையதுதான், வேறொருவர் போட்டதாக இருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அந்தத் தேதியில் என்ன நடந்தது? வியாழக்கிழமை. மழை. அறையெல்லாம் குடையும் ஈரமும். கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். தலை நிமிராமல் ஒன்றன்பின் ஒன்றாகக் காகிதத்தை வாங்கி, படித்து, சொல்லி, கையெழுத்துப் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. முதலில் ஒரு கை. மேசை விளிம்பில் அமைதியாக வைத்த ஆண் கை. நக இடுக்கில் காய்ந்த மண். பிறகு குரல். கீழேயிருந்து வருவதுபோல அடங்கிய குரல். தொண்டை கட்டியிருக்கிறது போலும் என்று அப்போது நினைத்தாள்.

"அம்மா, சுவாதீனம்னு எழுதச் சொன்னாங்க. அப்படின்னா என்ன?"

"ஒரு இடம் உங்க கையில இருக்கு. நீங்க அங்க இருக்கீங்க. அதான்."

"பத்திரம் எதுவும் இல்லேன்னா?"

"இல்லேன்னாலும் பரவாயில்ல. நீங்க இருக்கீங்கல்ல? அதுக்குப் பேருதான் சுவாதீனம்."

"அப்ப இருக்கேன்."

"எத்தன வருஷமா?"

"எட்டு."

"நடுவுல விட்டுட்டுப் போனீங்களா?"

"ஒரு நாள்கூட நகரல."

"யாருக்கும் தெரியாம ஒளிஞ்சு இருந்தா செல்லாது. நாலு பேருக்குத் தெரியற மாதிரி இருந்திருக்கணும்."

மேசை விளிம்பிலிருந்த கை கொஞ்சம் முன்னால் நகர்ந்தது. "நான் ஒளியல அம்மா. தெனமும் என் தலைக்கு மேலதான் துணி தொவைக்கிறாங்க."

மாடி வீட்டுக்காரர் துணி துவைத்துத் தண்ணீர் கீழே ஒழுகுகிறது போல, வாடகைத் தகராறு என்று அவள் எண்ணிக்கொண்டாள். முழு மனுவையும் ஒரு மூச்சில் படித்துக் காட்டினாள். "காணாமல் போதல்னா, எங்க இருக்காருன்னு யாருக்கும் தெரியாம இருக்கறது" என்று அதற்கும் அர்த்தம் சொன்னாள். "எனக்குத் தெரியுமே" என்றான் அவன். அவள் கையெழுத்துப் போட்டாள். "அடுத்தவங்க வாங்க" என்றாள். ஒருமுறைகூட அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது எவ்வளவு முயன்றும் கைக்கு மேலே எதுவும் நினைவுக்கு வரவில்லை.

அந்த வாரம் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. சொத்து விவரத்தை ஒரு தாளில் எழுதி எடுத்துக் கைப்பையில் வைத்திருந்தாள். தையல்காரியைப் போய்ப் பார்த்துக் கொடுத்துவிட வேண்டும் என்று தினமும் நினைப்பாள். கால் வராது. கொடுத்தால் கையெழுத்தைப் பற்றியும் சொல்லவேண்டி வரும். முகம் பார்க்காமல் சான்று கொடுத்தாள் என்று தெரிந்தால் வேலை போகும் என்ற பயம் ஒரு பக்கம். அது சின்னப் பயம்தான். பெரிய பயத்துக்கு அவளிடமே வார்த்தை இல்லை.

விசாரணை நாளும் வந்தது. நீதிபதியம்மா கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எதிர்மனுதாரரே ஆட்சேபம் போட்டிருக்காரே, ஆள் வந்திருக்காரா?" என்று கேட்டார். அழைப்பவர் வாசலுக்குப் போய், தாழ்வாரத்தைப் பார்த்து எலெக்ட்ரீஷியனின் பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிட்டார். தாழ்வாரத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட மூன்றாவது அழைப்பில் பேச்சை நிறுத்திவிட்டார்கள். யாரும் வரவில்லை. ஆனால் அழைப்பவர் உடனே கதவை விட்டுவிடவில்லை. யாரோ உள்ளே நுழைவதற்கு வழிவிடுவதுபோல் கதவைப் பிடித்தபடி ஒதுங்கி நின்றார். பிறகுதான் சாத்தினார். ஏன் அப்படி நின்றோம் என்று அவருக்கே புரியாத மாதிரி கையைப் பார்த்துக்கொண்டார்.

"இன்னும் ரெண்டு வாரம் வாய்தா. அடுத்த தடவையும் வரலேன்னா எக்ஸ்பார்ட்டி" என்றார் நீதிபதி.

வெளியே ஜன்னலோரம் தையல்காரி அகராதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னக்கா சொன்னாங்க?"

"எக்ஸ்பார்ட்டின்னா, எதிராளி வரல, ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பு சொல்றது. நீ ஒண்ணும் செய்ய வேணாம். ரெண்டு வாரம் சும்மா இருந்தா போதும். அவர் வரலேன்னா, நீ கேட்டது உனக்குக் கிடைச்சுடும். பொண்ணுக்குச் சான்றிதழ் வாங்கிடலாம்."

"சும்மா இருந்தா போதுமா?"

"போதும்."

தையல்காரி ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகப் பேச ஆரம்பித்தாள்.

"அன்னிக்கும் சும்மாதான் இருந்தேன் அக்கா. அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. வெளிய போய் நில்லுன்னு நான்தான் தள்ளிக் கதவச் சாத்தினேன். ஒரு கால் மணி நேரம் கழிச்சு என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. மழைச் சத்தத்துல எங்கேயோ தூரத்துல கேக்கற மாதிரி இருந்துச்சு. வீம்புக்குக் கூப்பிடறாருன்னு ரேடியோவச் சத்தமா வச்சேன். திரும்பக் கூப்பிட்டாரு. திரும்பவும். நாலாவது தடவ கூப்பிட்டா தெறந்துடலாம்னு நெனச்சேன். கூப்பிடவே இல்ல. காலையில தெறந்தா ஆளக் காணோம், மதிலத் தாண்டிப் போயிட்டாருன்னு இருந்துட்டேன். எட்டு வருஷமா அந்த நாலாவது தடவைக்குத்தான் காது குடுத்துட்டு இருக்கேன்."

அதற்கு மேல் அகராதியால் தாங்க முடியவில்லை. கைப்பையைத் திறந்து தாளை எடுத்துக் கொடுத்தாள். தன் கையெழுத்தைப் பற்றியும், மண் படிந்த நகத்தைப் பற்றியும், தலைக்கு மேல் துணி துவைக்கிறார்கள் என்று அவன் சொன்னதைப் பற்றியும் ஒன்றுவிடாமல் சொன்னாள். தையல்காரி எல்லையை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். ஆழம் என்ற வார்த்தைக்கு வந்ததும் திரும்ப முதல் வரிக்குப் போய்ப் படித்தாள்.

"அங்க ஒரு கெணறு இருந்துச்சு" என்றாள் கடைசியில்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அகராதி அந்த வீட்டுக்குப் போனாள். முன்னறையில் இரண்டு தையல் இயந்திரங்கள், தைத்து முடித்த சீருடைகள் கொடியில். சமையலறையைத் தாண்டிப் பின்கதவைத் திறந்தால் சிமெண்ட் தளம் போட்ட சின்ன முற்றம். துவைக்கும் கல். மதிலோரம் முழங்கால் உயரச் செம்பருத்தி. மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வெளியே வரவில்லை. தையல்காரி கழுத்து நாடாவை எடுத்தாள். கல்லிலிருந்து செடிக்கு, சுவரிலிருந்து மதிலுக்கு என்று குறுக்கும் நெடுக்கும் அளந்து, நடுவில் நான்கடிக்கு நான்கடி சாக்குக்கட்டியால் கோடு போட்டாள். துணிக்குப் போடுகிற அதே கட்டி. போட்டு முடித்ததும் அதற்குள் கால் படாமல் தள்ளி நின்றுகொண்டாள்.

தெருக்கோடியில் இருந்த கொத்தனாரைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவர்தான் அந்தக் கிணற்றை மூடியவர். கோட்டைப் பார்த்ததும், "சரியா இதே இடந்தான். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார்.

"எப்ப மூடினீங்க அண்ணே?"

"உங்களுக்குத் தெரியாதாம்மா? அவர் போன மறுநாள் காலையிலதான், நீங்க அவரத் தேடி வெளிய போயிருந்த நேரம். வீட்டு சொந்தக்காரர் ஒரு வாரமா சொல்லிட்டிருந்தாரு. தண்ணி வத்திப்போன கெணறு, ஆபத்துன்னு. முந்தின நாளு கைப்பிடிச் சுவர இடிச்சுப் போட்டுட்டுப் போனோம். மழை வந்ததால பலகை போட்டு மூடல. காலையில ஆறு வண்டி செங்கல் ஒடைசலக் கொட்டி…" அவர் நிறுத்திவிட்டார். தையல்காரியின் முகத்தைப் பார்த்தார். சாக்குக்கட்டிக் கோட்டைப் பார்த்தார். தோளில் இருந்த துண்டு கீழே விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. "நான் எட்டிப் பாக்கலம்மா. மழை விட்டு மசமசன்னு இருந்துச்சு. உள்ள ஒண்ணும் தெரியல. ஒரு குரலாவது குடுத்திருக்கலாம்."

யார் என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

போலீஸ் நிலையத்தில் முதலில் சிரித்தார்கள். "காணாமப் போனவர் மனு போட்டிருக்காரா? அப்ப கண்டுபிடிச்சாச்சு, கேஸை மூடிடலாம்" என்றார் ஒருவர். அகராதி சொத்து விவரத்தை அவர் மேசையில் வைத்தாள். தன்னுடைய கையெழுத்தையும் மறைக்காமல் காட்டினாள். கொத்தனார் பக்கத்தில் நின்று தேதியைச் சொன்னார். அதற்குப் பிறகு சிரிப்பு நின்றது.

தோண்டுவதற்கு மூன்று நாள் ஆனது. கொத்தனாரே கடப்பாரை பிடித்தார், வேறு யாரையும் முதல் அடி போட விடவில்லை. உடைசல் மேலே வர வர, முற்றமெல்லாம் பழைய செங்கல்லாகக் குவிந்தது. அந்த மூன்று நாளும் வீட்டில் விசித்திரமாக எதுவும் நடக்கவில்லை. அதுதான் அகராதிக்குத் திகிலாக இருந்தது. பகல் வெயில் பளிச்சென்று அடித்தது. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவினார்கள். தையல்காரி இயந்திரத்தில் உட்கார்ந்து, கொடுக்க வேண்டிய துணிகளைத் தைத்துக்கொண்டே இருந்தாள். மண்வெட்டிச் சத்தம் நிற்கும்போதெல்லாம் தையல் சத்தமும் நிற்கும். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டுவதுபோல இருக்கும். மறுபடி மண்வெட்டி ஆரம்பித்ததும் இயந்திரமும் ஓடும்.

மூன்றாம் நாள் பகல் பதினொன்றரைக்கு மண்வெட்டி நின்றது. திரும்ப ஆரம்பிக்கவில்லை.

எலும்புகள் ஒரு பக்கமாகச் சுவரை ஒட்டி, உட்கார்ந்தாற்போல் இருந்தன. சட்டைப் பை இருந்த இடத்தில் ஒரு டெஸ்டர். கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. நூல் நிறம் மங்கியிருந்தாலும் சுற்றிய விதத்தைத் தையல்காரி கண்டுகொண்டாள். வழுக்குகிறது என்று அவன் சொன்னதற்காக அவளே சுற்றிக் கொடுத்தது அது. கயிறு விட்டு அளந்த போலீஸ்காரர், எண்ணைச் சொல்லாமல் அகராதியிடம் கயிற்றின் முடிச்சை மட்டும் காட்டினார். முப்பத்தோரு அடி.

விழுந்தபோது தொடை எலும்பு முறிந்திருக்கிறது, மண்டையில் அடி இல்லை என்று மருத்துவர் எழுதினார். அந்த வரிக்கு மட்டும் தையல்காரி அர்த்தம் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து மறுபடி விசாரணை. நீதிபதியம்மா எல்லா அறிக்கைகளையும் படித்துவிட்டு, அகராதியை முன்னால் அழைத்தார்.

"இந்த மனுவை நீங்கதான் படிச்சுக் காட்டினீங்களா?"

"ஆமாம்மா."

"யாருக்கு?"

"மனுவுல யார் பேர் இருக்கோ அவருக்கு. முகத்தைப் பாக்கல. கையைத்தான் பாத்தேன்."

நீதிபதி பேனாவை மூடியும் திறந்தும் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார். அந்தப் பதிலை எப்படிப் பதிவு செய்வது என்று யோசிக்கிறார் என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. அவர் அதைப் பதிவு செய்யவில்லை. "இனிமே நிமிர்ந்து பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். பிறகு உத்தரவைச் சொன்னார்: எதிர்மனுதாரர் காணாமல் போனவர் அல்லர், ஆகவே காணாமல் போனதன் அடிப்படையில் இறந்ததாகக் கருதுமாறு கோரிய மனு தள்ளுபடி செய்யப்படுகிறது, இறப்பை மருத்துவ அறிக்கையின்படி நேரடியாகப் பதிவு செய்து சான்றிதழ் பெற்றுக்கொள்ளலாம்.

தாழ்வாரத்துக்கு வந்ததும் மகள்தான் முதலில் கேட்டாள். "தள்ளுபடின்னா கடையில போடுவாங்களே, அதா?"

"கடையில தள்ளுபடின்னா சந்தோஷம்மா. இங்க தள்ளுபடின்னா, கேட்டது கிடையாதுன்னு அர்த்தம்" என்றாள் அகராதி. "ஆனா பயப்படாத. சான்றிதழ் வந்துடும். உங்கம்மா எழுதின மனு மட்டும் தப்புன்னு ஆயிடுச்சு."

"அப்ப நான் தோத்துட்டனா?" என்றாள் தையல்காரி.

"சட்டப்படி பாத்தா, ஆமா."

"அவர் ஜெயிச்சுட்டாரு."

"அவர் ஆட்சேபத்த ஏத்துக்கிட்டாங்க. ஜெயிச்சுட்டாருன்னுதான் சொல்லணும்."

தையல்காரியின் முகம் ஒரு மாதிரி கோணிக்கொண்டது. அழப்போகிறாள் என்று மகள் தோளைப் பிடித்தாள். ஆனால் அவள் சிரித்தாள். சின்ன, மூச்சுத் திணறுகிற சிரிப்பு.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒரு சண்டையிலகூட அந்த மனுஷன் ஜெயிச்சதில்ல அக்கா" என்றாள். அப்புறம்தான் கண்ணீர் வந்தது. நின்றபடியே, மகளின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் அழுதாள். தாழ்வாரத்தில் போனவர்கள், வழக்கில் தோற்றுப்போன யாரோ என்று நினைத்துக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டுப் போனார்கள்.